நிற்கிற வண்டியின் வேகம்

கோயம்புத்தூர் ஆவாரம்பாளையத்தில் ஒரு மீட்டர் கடை. மின்சார மீட்டர் இல்லை, வண்டியின் வேகம் காட்டும் மீட்டர். கடையை நடத்துபவள் பெயர் கோகிலவாணி, வயது முப்பத்தொன்பது. மே மாதத்தில் ஒரு காலை அந்தக் கடை வாசலில், தொழில் கற்றுக்கொள்ள வந்திருக்கிறேன் என்று ஒருவர் வந்து நின்றார். அவர் பெயர் வரதராஜுலு, வயது அறுபத்திரண்டு.

கோகிலவாணி பதினோரு வருஷம் ஒரு மீட்டர் தொழிற்சாலையில் இருந்தவள். ஊசியோடு சேர்ந்த மயிரிழை ஸ்பிரிங்கைப் பொருத்துவது அவள் வேலை. பலமாக மூச்சு விட்டால் பறந்துபோகிற சாமான் அது. தொழிற்சாலையை மூடியதும் சொந்தமாகக் கடை போட்டாள். மூச்சை அடக்கி அடக்கி அவளுக்குப் பேச்சும் அடங்கிவிட்டது என்று பக்கத்து லேத் பட்டறைக்காரர்கள் கேலி செய்வார்கள். அதற்கும் அவள் பதில் சொன்னதில்லை.

வரதராஜுலு வேறு மாதிரி. ஒரு தனியார் பஸ் கம்பெனியில் முப்பது வருஷம் வண்டிகளைச் சோதித்து ரிப்போர்ட் எழுதியவர். அவர் ஷெட்டுக்குள் நுழைந்தால் மெக்கானிக்குகள் பீடியை அணைத்துவிட்டு நிமிர்ந்து நிற்பார்கள். அப்பேர்ப்பட்ட மனிதர் இங்கே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

இந்த வயதில் இது எதற்கு என்று கோகிலவாணி கேட்டாள். தனக்கு ஒரு கேள்வி இருக்கிறது என்றார்.

"கேளுங்ணா."

"ஊசி பொய் சொல்லுமா அம்மிணி?"

"எந்த ஊசிங்ணா?"

"பொதுவாக் கேக்கறேன்."

"பொதுவா ஒரு ஊசி கிடையாதுங்ணா. உக்காருங்க, வண்டி வரும்."

வரதராஜுலு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இவ்வளவுதானா பதில் என்று அவருக்கு இருந்தது.

அவரைத் தூங்கவிடாத ஊசி ஒன்று உண்டு. அதை அன்றைக்கு அவர் சொல்லவில்லை. நாம் தெரிந்துகொள்வதில் தப்பில்லை.

பதினாலு வருஷத்துக்கு முன்னால் அவர் கம்பெனி பஸ் ஒன்று ஆளேற்றாமல் ஷெட்டுக்குத் திரும்பியது. தூறல் போட்டுக்கொண்டிருந்தது. புளியம்பட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு மரத்தில் மோதிக் கண்டக்டருக்குக் கை முறிந்தது. ஓட்டியவர் பெயர் அருளப்பன். கன்றுக்குட்டி குறுக்கே வந்தது, பிரேக்கைப் போட்டேன், வழுக்கிவிட்டது, நாற்பதில்தான் வந்தேன் என்று அவர் சொன்னார்.

வரதராஜுலு போய்ப் பார்த்தார். நசுங்கிய பஸ்ஸில் வேகம் காட்டும் ஊசி தொண்ணூற்றிரண்டில் நின்றுகொண்டிருந்தது. அந்த மீட்டர் ஒரு வாரமாகவே சரியில்லை சார் என்றார் அருளப்பன். மாட்டிக்கொண்ட டிரைவர் எல்லோரும் சொல்வதுதான் என்று வரதராஜுலு நினைத்தார். 'மோதும்போது வேகம் 92' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுதி முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

அருளப்பனுக்கு வேலை போயிற்று. எந்தக் கம்பெனி வாசலுக்குப் போனாலும் அந்த ரிப்போர்ட் அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. யாரும் அவர் கையில் ஸ்டியரிங்கைத் தரவில்லை.

போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் வரதராஜுலு காரை நிறுத்தப் போனார். வாயில் விசிலோடு ஒருவர், இடது பக்கம் ஒடிங்க, வரலாம், வரலாம் என்று கை காட்டி வழி சொன்னார். கண்ணாடியை இறக்கிப் பார்த்தால் அருளப்பன். அவரும் அடையாளம் கண்டுகொண்டு வணக்கம் வைத்தார். ஒரு பள்ளிக்கூடத்தில் வேன் ஓட்ட ஆள் கேட்கிறார்கள், பழைய ரிப்போர்ட்டைப் பற்றி உங்களிடம் விசாரிப்பார்கள் சார் என்று மட்டும் சொன்னார். நல்லபடியாகச் சொல்லுங்கள் என்றுகூடக் கேட்கவில்லை. அடுத்த கார் வந்துவிட்டது, விசிலை வாயில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

சொன்னபடி பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டார்கள். பிள்ளைகள் ஏறுகிற வண்டி, உங்கள் எழுத்தை வைத்துத்தான் முடிவு செய்வோம், ஜூனில் பள்ளி திறப்பதற்குள் எழுதிக் கொடுங்கள் என்றார்கள். வரதராஜுலு பேனாவை எடுத்தார். எழுத வரவில்லை. முப்பது வருஷமாக ஊசி காட்டியதை எழுதியவருக்கு, ஊசி எப்படிக் காட்டுகிறது என்பது தெரியாமல் இருந்தது. அதற்காகத்தான் இங்கே வந்தார்.

கோகிலவாணியின் கடையில் இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒன்று, எந்த வண்டி வந்தாலும் மீட்டரைக் கடைசியில்தான் திறப்பாள். இன்னொன்று வண்டிக்காரர்களுக்குப் பிடிக்காதது. வேலை முடிந்த வண்டியை ஓட்டிப் பார்க்கும்போது, சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து மீட்டரின் முகத்தில் ஒட்டிவிடுவாள். ஓட்டுகிறவர் தன் மனசுக்கு நாற்பது என்று படுகிற வேகத்தில் போக வேண்டும். அவள் பக்கத்தில் உட்கார்ந்து கிலோமீட்டர்க் கல்லுக்குக் கல் விநாடியை எண்ணுவாள். நாற்பதில் போனால் ஒரு கல்லுக்குத் தொண்ணூறு விநாடி. அதற்கப்புறம்தான் தாளை எடுத்துவிட்டு ஊசியைப் பார்ப்பது.

ஏன் இப்படி என்று வரதராஜுலு கேட்டார். ஊசி கண்ணில் பட்டால் கால் அதற்குத் தகுந்தபடி போய்விடும், ஆளுக்கு என்ன தெரியும் என்று தெரியாமலே போய்விடும் என்றாள். அவருக்கு இது கொஞ்சம் அதிகப்படியாகத்தான் பட்டது.

மூன்றாவது வாரம் திங்கட்கிழமை அந்த வண்டி வந்தது. பல் டாக்டர் பிரேமானந்தின் கார். இரண்டே பேர் உட்காரும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், வெளிநாட்டுச் சரக்கு, டாக்டரைவிட மூன்று வயது மூத்தது. அதில் ஏற வேண்டுமென்றால் மனிதன் தன்னை மடித்துக்கொள்ள வேண்டும். நாற்பதைத் தாண்டியதும் ஊசி நடுங்குகிறது, என் நாற்காலியில் உட்காருகிற பேஷண்ட்கூட இப்படி நடுங்க மாட்டார் என்றார் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை பழைய கார்களின் ஊர்வலம், அதற்குள் சரியாக வேண்டும் என்று சாவியை வைத்துவிட்டுப் போனார்.

நீங்களே பாருங்கள் என்று கோகிலவாணி சொல்லிவிட்டாள். வரதராஜுலு நேராக டேஷ்போர்டுக்குப் போய் மீட்டரைக் கழற்றினார். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், தடுக்கவில்லை. அன்று பூராவும் அவர் மீட்டரைப் பிரித்து, துடைத்து, பூட்டினார். மேசையில் டிரில் மெஷினை மாட்டிச் சுற்றிவிட்டுப் பார்த்தபோது ஊசி நாற்பதிலும் அறுபதிலும் சொன்ன இடத்தில் நின்றது. சந்தோஷமாகக் காரில் மாட்டி ஓட்டினார். நாற்பதைத் தாண்டியதும் பழையபடி நடுங்கியது.

"எங்கிருந்து ஆரம்பிச்சீங்ணா?"

"ஊசியில இருந்துதான்."

"ஊசி கடைசிங்ணா. முதல்ல சக்கரம் சுத்துது. கியர் பாக்ஸுல ஒரு பல்லு சுத்துது. அதுல மாட்டின கேபிள் சுத்துது. கேபிள் மேல போயி மீட்டருக்குள்ள காந்தத்தைச் சுத்துது. அதுக்கெல்லாம் அப்பறந்தான் ஊசி. கீழ இருந்து வாங்க."

செவ்வாய்க்கிழமை காலையில் வரதராஜுலு சாக்கை விரித்துக் காருக்கு அடியில் படுத்தார். கம்பெனியில் இருந்தபோது அவர் குனிந்துகூடப் பார்த்ததில்லை, மற்றவர்கள் படுத்துப் பார்த்துச் சொன்னதை எழுதுவார். கியர் பாக்ஸில் ஆரம்பித்து, கேபிளின் மேல் விரலை வைத்துத் தடவிக்கொண்டே வந்தார். டேஷ்போர்டுக்குப் பின்னால் விரல் நின்றது. எந்தக் காலத்திலோ யாரோ ரேடியோ மாட்டுவதற்காகக் கேபிளை ஓரமாக இழுத்துக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். அந்த இடத்தில் அது முழங்கையை மடக்கினது மாதிரி மடங்கிக் கிடந்தது. நடுக்கம் அங்கேதான் பிறந்தது.

கட்டை அவிழ்த்தார். உள்ளே இருக்கிற சுற்றுக் கம்பியை உருவிப் பார்த்தால் எண்ணெய்ப் பசையே இல்லை. மண்ணெண்ணெயில் கழுவினார். கோகிலவாணி ஸ்பிரிங் வாங்க உக்கடம் வரைக்கும் போக வேண்டியிருந்தது. கிளம்பும்போது, கிரீஸை லேசாகத் தடவினால் போதும், மீட்டர் பக்கம் ஒரு சாணுக்குத் தடவவே வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வரதராஜுலுவின் முப்பது வருஷம் அங்கேதான் குறுக்கே வந்து நின்றது. கிரீஸ் இல்லாமல் தேய்ந்துபோன எத்தனையோ பேரிங்குகளை அவர் பார்த்திருக்கிறார். அவர் ஷெட்டில் கிரீஸ் டப்பா காலியானால்தான் வேலை நடந்ததாக அர்த்தம். ஒரு சாண் விடுவதெல்லாம் கை பழகாத ஆட்களுக்குச் சொல்வது என்று நினைத்துக்கொண்டு, கம்பியின் நுனி வரைக்கும் தாராளமாகப் பூசினார். பூசி முடித்ததும் அவருக்கு ஒரு திருப்தி வந்தது பாருங்கள், கல்யாணப் பந்தியில் தன் கையால் பரிமாறின மாதிரி.

சாயங்காலம் டாக்டரை ஓட்டச் சொன்னார்கள். மீட்டரில் தாளை ஒட்டினால் அவருக்குக் கோபம். நாற்பது என்று நினைத்துக்கொண்டு ஐம்பத்தைந்தில் போனார். தாளை எடுத்த பிறகு ஊசி சரியாகவே காட்டியது, நடுக்கமும் இல்லை. டாக்டர் கையைக் குலுக்கிவிட்டு வண்டியை எடுத்துப் போனார். வரதராஜுலு அன்றைக்கு வீட்டில் இரண்டு தோசை கூடச் சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் சிவப்புக் கார் மறுபடியும் வாசலில் வந்து நின்றது. டாக்டர் வண்டியை அணைத்து, இறங்கி, சாவியை விரலில் மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார். நடுக்கம் போய்விட்டது, ஆனால் இப்போது ஊசி ஏறுகிறது, இறங்க மாட்டேன் என்கிறது என்றார். கிளினிக்குக்கு நேரமாகிவிட்டதென்று சாவியைக் கொடுத்துவிட்டு ஆட்டோ பிடித்துப் போனார்.

வரதராஜுலு காருக்குள் தலையை விட்டுப் பார்த்தார். இன்ஜின் ஓடவில்லை. சாவி அவர் கையில் இருந்தது. நான்கு சக்கரமும் தரையில் அசையாமல் இருந்தன. ஊசி எழுபத்தைந்தில் நின்றது.

அவர் வெகு நேரம் அதையே பார்த்தார். பிறகு உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

கோகிலவாணி மீட்டரைக் கழற்றி, மேசை விளக்கின் கீழே வைத்துத் திறந்தாள். உருப்பெருக்கிக் கண்ணாடியை அவர் பக்கம் நகர்த்தினாள். உள்ளே சுற்றுகிற காந்தம், அதைச் சுற்றி ஒரு அலுமினியக் கிண்ணம், அந்தக் கிண்ணத்தோடு ஊசி. காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே இருக்க வேண்டியது வெறும் காற்று. அங்கே கிரீஸ் அடைத்திருந்தது. சுற்றுகிற கம்பி அதைத் தன்னோடு மேலே ஏற்றிக் கொண்டுவந்துவிட்டது. காந்தம் பக்கத்தில் சுற்றினால் கிண்ணம் தானாக, ஸ்பிரிங் விடுகிற அளவுக்கு மட்டும் திரும்பும் என்றாள் கோகிலவாணி. கிரீஸ் புகுந்தால் காந்தம் கிண்ணத்தைக் கையோடு இழுத்துக்கொண்டு போய்விடும், வண்டி நின்றாலும் திரும்பி வர ஸ்பிரிங்குக்குச் சக்தி போதாது. ஒரு சாண் விடச் சொன்னேனே என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நாப்பதுல போற வண்டியில தொண்ணூறு காட்டுமா அம்மிணி?"

"எத்தன வேணும்னாலும் காட்டும்ங்ணா."

அப்போதுதான் வரதராஜுலு எல்லாவற்றையும் சொன்னார். மரத்தில் மோதிய பஸ், தொண்ணூற்றிரண்டில் நின்ற ஊசி, மண்டபத்து விசில், பள்ளிக்கூடத்துக்கு எழுத வேண்டிய கடிதம். கடைசியாக, இதுவரை தனக்குத்தானே கூடச் சொல்லிக்கொள்ளாத ஒன்றையும் சொன்னார். அந்த மோதலுக்குச் சில நாள் முன்னால் பஸ்களில் ஊசி நடுங்குகிறது என்று புகார் வந்தது. எல்லா மீட்டர் கேபிளுக்கும் நுனி வரை கிரீஸ் வையுங்கள் என்று ஷெட்டில் உத்தரவு போட்டது அவர்தான். சொல்லும்போது அவர் குரல் அவருக்கே கேட்காத அளவுக்கு இறங்கிவிட்டது.

கோகிலவாணி கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப அவன் நாப்பதுலதான் வந்திருக்கான்," என்றார் வரதராஜுலு.

"அந்த மீட்டர் எங்கீங்ணா?"

"பழைய இரும்புக்குப் போயிருச்சு."

"அப்ப எனக்குத் தெரியாதுங்ணா."

"தொண்ணூத்திரண்டுல வந்திருப்பானா?"

"அதும் தெரியாதுங்க."

வரதராஜுலுவுக்குக் கோபம் வந்தது. மூன்று வாரமாக இங்கே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன், ஆமாம் என்று சொல்லுங்கள், இல்லை என்றாவது சொல்லுங்கள், திங்கட்கிழமைக்குள் நான் எழுதிக் கொடுத்தாக வேண்டும் என்றார். பழைய அதிகாரி குரல் தானாக வந்துவிட்டது. லேத் பட்டறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.

கோகிலவாணி கிண்ணத்தை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் துடைத்தாள்.

"நாளைக்குக் காத்தால இந்த வண்டிய ஓட்டிப் பாக்கோணும்ங்ணா. டாக்டருக்கு நாப்பது எங்க இருக்குதுன்னே தெரியல. நாப்பது தெரிஞ்ச ஆளாப் பாத்துக் கூட்டிட்டு வாங்க."

வரதராஜுலு செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

மண்டபத்தில் அன்றைக்கு ஒரு வரவேற்பு. அருளப்பன் விசிலோடு நின்றுகொண்டிருந்தார். வரதராஜுலு ஓரமாகக் காத்திருந்து, கார்கள் குறைந்ததும் போய் விஷயத்தைச் சொன்னார். அருளப்பன் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. லைசென்ஸை மட்டும் விடாமல் புதுப்பித்துக்கொண்டு வருகிறேன், வண்டியைத் தொட்டுப் பதினாலு வருஷம் ஆகிறது என்றார். அதற்கப்புறம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"நீங்க பக்கத்துல உக்காருவீங்களா சார்?"

"உக்காருவேன்."

சனிக்கிழமை விடிந்ததும் இருவரும் கடைக்கு வந்தார்கள். கோகிலவாணி மீட்டரை மாட்டி முடித்திருந்தாள். இந்தத் தடவை கிரீஸ் ஒரு சாண் கீழேயே நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமைத் தாளைக் கிழித்து மீட்டரின் முகத்தில் ஒட்டினாள். இன்னொரு பழைய தாளையும் தன் கைக்கடிகாரத்தையும் வரதராஜுலுவிடம் கொடுத்தாள். இரண்டு பேர் வண்டி என்பதால் அவள் போகவில்லை.

அருளப்பன் தன்னை மடித்து உள்ளே உட்கார்ந்தார். சாவியைத் திருப்பிவிட்டு, வண்டியை எடுக்காமல், இன்ஜின் ஓடுகிற சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார். ரோட்டிலேயே உட்கார்ந்து போகிற மாதிரி இருக்கிறது சார் என்று சிரித்தார். கைகள் மட்டும் சிரிக்கவில்லை, ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தன.

அன்னூர் ரோட்டில் கூட்டம் குறைந்த இடத்தில் ஒரு கல்லைத் தாண்டியதும் வரதராஜுலு கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். அடுத்த கல்லுக்குத் தொண்ணூற்றேழு விநாடி ஆயிற்று. பதினாலு வருஷம் கழித்து முதல் கல், இதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று அவருக்குத் தோன்றியது. ஆனாலும் தாளில் குறித்தார். இரண்டாவது கல் தொண்ணூற்று மூன்று. அருளப்பனின் தோள் கொஞ்சம் இறங்கியது. மூன்றாவது தொண்ணூறு, நான்காவது தொண்ணூற்றொன்று, ஐந்தாவது தொண்ணூறு. ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு முந்திப் போனது. அருளப்பன் அதன் பின்னால் போகவில்லை. ஆறாவது கல்லுக்கும் தொண்ணூறு விநாடி.

ஓரமாக நிறுத்தச் சொன்னார் வரதராஜுலு.

"எத்தனைங்க சார்?"

"தொண்ணூறு விநாடி."

"அப்படீன்னா?"

"நாப்பது."

அருளப்பன் இன்ஜினை அணைத்தார். மீட்டரின் மேல் ஒட்டியிருந்த தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நீங்க எழுதினதுக்கப்பறம் எனக்கே சந்தேகமாயிருச்சுங்க சார். ஒருவேள தொண்ணூத்திரண்டுலதான் வந்தமோன்னு. பதினாலு வருசமா நெனச்சு நெனச்சுப் பாக்கறேன். பிடிபடல."

வேலை போனது வரதராஜுலுவுக்குத் தெரியும். யாரும் வண்டி தராததும் தெரியும். இது அவருக்குத் தெரியாது. ஒரு மனிதனுக்குத் தன் கால் மேல் இருந்த நம்பிக்கையைத் தான் ஐந்து நிமிஷத்தில் எடுத்துவிட்டோம் என்று அப்போதுதான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. வண்டி சின்னது, முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூட அதில் இடமில்லை.

"அன்னைக்கு நான் ஊசியத் தவிர எதையும் பாக்கலீங்க அருளப்பன்."

அவர் வாயிலிருந்து ஒரு டிரைவருக்கு 'ங்க' வந்தது அதுதான் முதல் தடவை. அருளப்பன் பரவாயில்லை என்று சொல்லவில்லை. வண்டியைத் திருப்பட்டுமா சார் என்று கேட்டார்.

திரும்பும்போது தாளை எடுத்துவிட்டார்கள். அருளப்பன் ஊசியைப் பார்க்காமல் ஓட்டினார். ஊசி நாற்பதில் வந்தது. கடை வாசலில் வண்டி நின்றதும் அது இறங்கிப் பூஜ்யத்தில் படுத்துக்கொண்டது. மண்டபத்தில் முகூர்த்தத்துக்குக் கார்கள் வர ஆரம்பித்திருக்கும் என்று அருளப்பன் டீகூடக் குடிக்காமல் பஸ் ஸ்டாப்புக்குப் போனார்.

வரதராஜுலு வெள்ளைக் காகிதம் கேட்டு வாங்கி மேசையில் உட்கார்ந்தார். இந்தத் தடவை எழுத வந்தது. வேகமாகவே வந்தது. அருளப்பன் அன்றைய தினம் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில்தான் பஸ்ஸை ஓட்டி வந்தார் என்று எழுதி, கோகிலவாணிக்குப் படித்துக் காட்டினார். பதினாலு வருஷத்துப் பாரத்தை இறக்கிவைத்த குரலில் படித்தார்.

"அன்னைக்கு நீங்க அந்த பஸ்ஸுல இருந்தீங்களாண்ணா?"

"இல்ல."

"மீட்டரத் தொறந்து பாத்தீங்களா?"

"இல்ல."

"கேபிள?"

"இல்ல."

"அத எழுதுங்க."

வரதராஜுலு காகிதத்தைப் பார்த்தார். மறுபடியும் ஐந்து நிமிஷத்தில்தான் எழுதியிருந்தார். அதை மடித்துக் கிழித்தார்.

"அத எழுதினா என்னோட தப்புத்தான் தெரியும். அவரப் பத்தி என்னன்னு எழுதறது? பிள்ளைகள ஏத்தி அனுப்பறவங்க கேக்கறாங்க. எனக்குன்னு தெரிஞ்சது ஒண்ணுமே இல்லியே அம்மிணி."

அவர் சட்டைப்பையிலிருந்து காலண்டர் தாள் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கோகிலவாணி அதைப் பார்த்தாள்.

"இன்னைக்குப் பக்கத்துல உக்காந்திருந்தீங்களேண்ணா."

வரதராஜுலு அந்தத் தாளை எடுத்து மேசையில் விரித்து வைத்தார். புதுக் காகிதத்தில் அன்றைக்குத் தான் பார்க்காமல் விட்டதை எல்லாம் ஒவ்வொன்றாக எழுதினார். அதற்குக் கீழே இன்றைய தேதியைப் போட்டார். அதற்கும் கீழே, முதல் கல்லுக்கு நேராக, தொண்ணூற்றேழு என்று எழுதினார்.